காது கேட்காத தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாகுபாடு குறித்த புகாரை எந்த அலுவலகத்தில், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: கடலோரத்து அக்கா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் குடியிருக்கிறோம். என் தம்பிக்கு வயது 27. பிறவியிலிருந்தே இரண்டு காதுகளும் கேட்காது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இரண்டும் அவனிடம் இருக்கின்றன. மணலிப் பக்கம் உள்ள ஒரு தனியார் கன்டெய்னர் யார்டின் ஆவணப் பிரிவில் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்தான். லாரி உள்ளே வரும்போது வாயிலில் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து, நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட பெட்டி எண்ணைக் கணினியில் ஏற்றுவதுதான் அவனுடைய வேலை. அவசரத்தில் கிறுக்கியது 1-ஆ 7-ஆ என்று சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் எழுந்து போய்ப் பெட்டியையே பார்த்துவிட்டு வந்து பதிவு செய்வான். பழைய மேற்பார்வையாளர் எல்லாத் தகவலையும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்ததால் ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு புதிய மேலாளர் ஒருவர் வந்தார். ஆவணப் பிரிவில் இருக்கும் அனைவரும் வாக்கி டாக்கியில் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். தனக்கு முன்போலவே எழுத்தில் தகவல் அனுப்பும்படி தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “காதுக்கு மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டு வா” என்று பதில் வந்தது. மிஷினால் பயன் இல்லை என்று மருத்துவர்கள் அவன் சிறுவனாக இருந்தபோதே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவனை யார்டுக்குள் சீல் சரிபார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் அந்தப் பெரிய வண்டி பின்னோக்கி வரும்போது அடிக்கும் மணி அவனுக்குக் கேட்காது என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் நாளே ஒரு வண்டி அவன் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. லாரியில் வந்த கிளீனர் பையன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினான். அன்று மாலை அறுந்துபோன இரண்டு பொத்தான்களைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள், பழைய இடத்துக்கே மாற்றும்படி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மேலாளர் வாங்க மறுத்துவிட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து வாயிலில் காவலாளி அவனுடைய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். காது கேட்காதவரை வைத்துக்கொண்டு தங்களால் பொறுப்பேற்க முடியாது என்று உடன் வேலை செய்யும் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனோம். இது வேலை சம்பந்தமான விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். சில நாட்களில் தொலைபேசியில் அழைத்து, தம்பிக்குத் தொழில் தொடங்கக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் நாங்கள் கேட்டது அது இல்லை. ஒருவனைக் காது கேட்கவில்லை என்பதற்காகவே வெளியே அனுப்பியது சரியா தவறா என்று விசாரித்துச் சொல்லும் அதிகாரம் உள்ள அலுவலகம் எது? கட்டணம் உண்டா? வழக்கறிஞர் இல்லாமல் போக முடியுமா? எழுத்தில் எதுவுமே இல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில்: பழைய தபால் பிரிவு

அன்புள்ள சகோதரிக்கு, நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அதில் ஏழு ஆண்டுகள் மனுக்களைப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்பும் மேசையில் இருந்தேன். உங்களைக் கடன் வேண்டுமா என்று கேட்டதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்பதை அந்த மேசையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும் இடத்தில், பிரிப்பவர் முதலில் பார்ப்பது ‘பொருள்’ என்று எழுதியிருக்கும் வரியைத்தான். அங்கே “மாற்றுத்திறனாளியான என் தம்பிக்கு உதவி செய்யக் கோருதல்” என்று இருந்தால், அந்த மனு நலத்திட்டம் பார்க்கும் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்கு அவர் கையில் உள்ள உதவித்தொகை, வண்டி, கடன் இவற்றில் எதைத் தரலாம் என்றுதான் யோசிக்கத் தெரியும். உங்கள் மனுவிலும் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருந்திருக்கும். எழுதிக் கொடுப்பவர்கள் பணிவாக இருக்கட்டும் என்று அப்படித்தான் எழுதுவார்கள். நீங்கள் உதவி கேட்கவில்லை, புகார் கொடுக்கிறீர்கள். ஆகவே பொருள் வரியை “ஊனத்தின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டி வெளியேற்றியது குறித்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் கீழ் விசாரணை கோருதல்” என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி மனு போய்ச் சேரும் மேசையையே மாற்றிவிடும்.

பெறுநராக, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரைக் குறிப்பிடுங்கள். அலுவலகம் காமராசர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகையில், அதாவது நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் இதே மனுவின் நகலைக் கொடுக்கலாம். வடசென்னையில் இருப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். ஆனால் ஆட்சியரிடம் கொடுப்பது நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோவதற்காக மட்டுமே. விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர் ஆணையர் என்பதை மறந்துவிடாதீர்கள். நகலின் கீழே ‘மூல மனு மாநில ஆணையருக்கு அளிக்கப்பட்டுள்ளது’ என்று அனுப்பிய தேதியோடு குறிப்பிட்டால் குழப்பம் வராது.

மனு இரண்டு பக்கங்களுக்கு மேல் போக வேண்டாம். நடந்தவற்றைத் தேதி வரிசையில், ஒரு பத்திக்கு ஒரு நிகழ்ச்சியாக எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், யார் சொன்னார், என்ன சொன்னார், அப்போது அருகில் யார் இருந்தார். கடைசியில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற வழக்கமான வரியோடு முடித்தால், எது தக்க நடவடிக்கை என்பதை முடிவு செய்யும் பொறுப்பை நீங்களே மற்றவரிடம் ஒப்படைத்ததாக ஆகிவிடும். நேரில் கொடுக்கும்போது இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து ந.க. எண், அதாவது உங்கள் மனுவுக்கு அலுவலகம் இடும் கோப்பு எண், என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் நீங்கள் எத்தனை முறை போனாலும் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதில்: பாரிமுனை வழக்கறிஞர்

வணக்கம் சகோதரி. மேலே ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குள் வைக்க வேண்டிய சட்டத்தை நான் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு, ஊனத்தைக் காரணமாக வைத்து யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நியாயமான நோக்கத்தை அடைய அந்தச் செயல் அளவுக்கு மீறாத வழிதான் என்று காட்டினால் மட்டுமே விலக்கு. பாகுபாடு என்றால் என்ன என்பதை 2-ஆம் பிரிவு விளக்கும்போது, நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. உங்கள் தம்பி கேட்டது வாட்ஸ்அப்பில் தகவல். நான்கு ஆண்டுகள் அப்படியே நடந்திருக்கிறது, செலவும் இல்லை. இதைவிட எளிமையான ‘நியாயமான வசதி’யை நான் பார்த்ததில்லை. இந்த வசதி தொடர்பான கடமை எவ்வளவு முக்கியமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் விரிவாக விளக்கியிருக்கிறது. தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவருக்கு 40 விழுக்காட்டு ஊனம் இல்லை என்று மறுத்தது தவறு என்று அதில் தீர்ப்பளிக்கப்பட்டது.

அடுத்து, இந்தச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017-ஆம் ஆண்டு விதிகளில் 3-ஆம் விதியை நன்றாகப் படியுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அதுதான். இருபது பேருக்கு மேல், அல்லது சரியாக இருபது பேர், வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் தலைவருக்குப் பாகுபாடு குறித்த புகார் வந்தால், அவர் ஒன்று சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது அந்தச் செயல் எப்படி நியாயமானது என்று புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொல்லி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவருக்கு இடமில்லை. ஆகவே மேலாளரைத் தாண்டி, நிறுவனத்தின் தலைவருக்கு, மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் தம்பியின் கையெழுத்தோடு ஒரு புகார் போகட்டும். பதிலுக்கு 15 நாட்கள் கொடுங்கள். பதில் வந்தால், இவ்வளவு நாளாக உங்களுக்குக் கிடைக்காத அந்த எழுத்து கிடைத்துவிடும். வராவிட்டால், விதியை மீறினார்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு சேரும். அதே விதி, வசதிக்கான செலவை முழுவதுமாகவோ பகுதியாகவோ மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. “மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டு வா” என்ற செய்தி கைபேசியில் இருக்கிறதல்லவா? அதை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டு இணையுங்கள்.

இருபது பேர் இருக்கிறார்களா என்று எப்படிக் காட்டுவது என்று நீங்கள் கேட்கக்கூடும். தம்பிக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்தம் இருந்தால் அதன் பாஸ்புக்கைப் பதிவிறக்கம் செய்யுங்கள். பொதுவாக இருபது பேர் உள்ள நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் கட்டாயம். அவன் அங்கே எத்தனை மாதம் வேலை செய்தான் என்பதற்கும் அதுவே அசைக்க முடியாத ஆதாரம்.

ஆணையரிடம் புகார் போனால், விதிப்படி 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். விதிவிலக்கான நேர்வுகளில் 30 நாட்கள். 82-ஆம் பிரிவின்படி, சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. ஆகவே வாயில் பதிவேடு, பணி ஒதுக்கீட்டுப் பட்டியல், அந்த இரண்டு நாள்களின் கேமராப் பதிவு ஆகியவற்றை வரவழைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். கேமராப் பதிவுகள் பழையவற்றின் மேலேயே பதிந்து அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தில் இன்றே எழுதுங்கள். 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த நிறுவனம் பதிவு செய்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் ஆணையர் அலுவலகத்திடமே கேட்கலாம்.

சில உண்மைகளையும் சொல்லியாக வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்று பலர் 20-ஆம் பிரிவை எடுத்துக்காட்டுவார்கள். அது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும், அதை நம்பி மனு எழுதாதீர்கள். ஆணையர் தருவது பரிந்துரை. உரியவர்கள் அதன்மீது நடவடிக்கை எடுத்து மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று 81-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத் தீர்ப்பைப் போல உடனே நிறைவேற்றிக்கொள்ளும் ஆணை அது ஆகாது. அதனால் வேலைநீக்கம் குறித்துத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமும் தனியாக ஒரு மனு கொடுத்துவையுங்கள், அதைத் தாமதப்படுத்தாதீர்கள். சட்டத்தை மீறியதற்கு 89-ஆம் பிரிவில் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அதன் பிறகு ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் உண்டு. பொதுவில் பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தியிருந்தால் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அது காவல் துறை பதிவு செய்ய வேண்டிய குற்றம். வாயிலில் அட்டையைக் கழற்றியபோது யார் என்ன சொன்னார்கள் என்பது தெளிவாகத் தெரியாமல் அந்தப் பிரிவை எழுத வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால், நிரூபிக்க முடிந்ததும் பலவீனமாகிவிடும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம்: தம்பியின் முதலாளி தனியார் நிறுவனம் என்பதால்தான் மாநில ஆணையர். அதே வேலையைச் சென்னைத் துறைமுகத்திலோ சுங்கத் துறையிலோ ஊழியராக இருந்து செய்திருந்தால், அவை மத்திய அரசின் கீழ் வருபவை என்பதால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு எழுத வேண்டியிருக்கும். இராயபுரம், தண்டையார்பேட்டையில் பலர் இந்த இடத்தில் தவறி மாதக்கணக்கில் இழக்கிறார்கள். சம்பளச் சீட்டில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்ததாரர் பெயர் இருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. வேண்டும் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கடலோரத்து அக்கா

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழைய மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே, பொருள் வரியில் “உதவி செய்யக் கோருதல்” என்றுதான் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்மேல் குறை சொல்ல மாட்டேன், நானும் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். சம்பளச் சீட்டில் யார்டு நிறுவனத்தின் பெயரே இருக்கிறது, வைப்பு நிதியும் பிடித்திருக்கிறார்கள். மிஷின் பற்றிய செய்தியும் கைபேசியில் இருக்கிறது.

இரண்டு கவலைகள் பாக்கி இருக்கின்றன. சொல்லி அனுப்பிய அந்த நண்பர் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்; அவருக்கும் குடும்பம் இருக்கிறது, வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, விசாரணைக்கு அழைத்தால் தம்பியால் பேச முடியாது, அவன் சைகை மொழியில்தான் சொல்வான். அவனுக்குப் பதிலாக நானே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? கோபம் வந்தால் அவன் எழுந்து போய்விடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: பாரிமுனை வழக்கறிஞர்

நண்பரிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். அன்று பணியில் இருந்தவர்களில் ஒருவர் என்று அவருடைய பதவியை மட்டும் குறிப்பிட்டு, பணிப் பட்டியலை வரவழைத்து விசாரிக்கும்படி ஆணையரைக் கேளுங்கள். அழைப்பாணை வந்து சொல்லும் சாட்சியத்தில், தானாகப் போய்ச் சொன்னார் என்ற பழி அவர்மேல் விழாது. இரண்டாவது கேள்விக்கு, அதை அனுபவித்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: இராயபுரம் வாசகி

அக்கா, எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது; வலது காலில் கேலிப்பர் போட்டு நடக்கிறேன். எனக்கும் ஒரு தனியார் அலுவலகத்தோடு இதே போன்ற வழக்கு இருந்தது. தரைத் தளத்தில் இருந்த என் மேசையை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மாற்றிவிட்டு, ஏற முடியாவிட்டால் ராஜினாமா செய்துவிடு என்றார்கள். விசாரணைக்கு என்னோடு அப்பா வந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் பதில் சொல்லிவிடுவார், பாசத்தில்தான். இரண்டாவது தவணையில் எதிர்த்தரப்பு சொன்ன முதல் வாதமே, “இந்தப் பெண்ணுக்குக் குறை எதுவும் இல்லை, குடும்பத்தார்தான் பிரச்சினை செய்கிறார்கள்” என்பதுதான். அன்று வெளியே வந்து, அடுத்த முறை நீங்கள் வெளியில் உட்கார்ந்திருங்கள் என்று அப்பாவிடம் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் சொன்னேன். மூன்றாவது தவணையில், எத்தனை படிகள், ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம், ஏறி முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று நானே சொன்னேன். படிகள் 54. அளந்து எழுதி வைத்திருந்த தாளை அவர்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த மாதம் என் மேசை கீழே வந்துவிட்டது.

ஆகவே தம்பிதான் சொல்ல வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனுவிலேயே தனிப் பத்தியாக எழுதிக் கேளுங்கள். நீதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவையான ஆதரவு கிடைக்க வேண்டும் என்று 12-ஆம் பிரிவே சொல்கிறது. வரும் மொழிபெயர்ப்பாளரின் சைகை தம்பிக்குப் புரிகிறதா என்பதை விசாரணை தொடங்குமுன் இருவரும் பத்து நிமிடம் பேசிப் பார்க்கட்டும். வீட்டுச் சைகை வேறு, பள்ளியில் கற்ற சைகை வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கோபம் வந்தால் வரட்டும். இடைவேளை வேண்டும் என்று கேட்கும் சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நடந்தது எல்லாம் இருக்கிறது, உங்கள் வேதனையும் இருக்கிறது. தம்பி என்ன கேட்கிறார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதே யார்டுக்குத் திரும்பப் போக வேண்டுமா, சம்பள பாக்கியும் இழப்பீடும் போதுமா, அல்லது செய்தது தவறு என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதுமா? இந்த மூன்றும் மூன்று வேறு மனுக்கள். அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடலோரத்து அக்கா

இராயபுரம் தங்கைக்கு: நீங்கள் கேட்டது நெஞ்சில் தைத்தது. மூன்று வாரமாக அலைகிறேனே தவிர, அவனை உட்காரவைத்து அதைக் கேட்கவில்லை. நேற்று இரவு சாப்பிட்ட பிறகு கேட்டேன். சைகையில் சொல்லத் தொடங்கி, பிறகு கையை நிறுத்திவிட்டு, பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து அவனே எழுதினான். அவன் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன். இதையே மனுவின் முதல் பத்தியாக வைக்கலாமா என்று ஐயா சொல்ல வேண்டும்.

“நான் ஆவணப் பிரிவு. 4 வருடம் 2 மாதம் வேலை. என் பதிவில் தப்பு என்று ஒரு மெமோ வரவில்லை. வாக்கி டாக்கி எனக்கு முடியாது. வாட்ஸ்அப் முடியும். யார்டு எனக்கு ஆபத்து. வண்டி பின்னால் வந்தது, நான் பார்க்கவில்லை. நான் பணம் கேட்கவில்லை. என் மேசை வேண்டும். மேசை இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து போட்டு.”

பதில்: பழைய தபால் பிரிவு

இதையே வையுங்கள் அம்மா, இதில் கை வைக்காதீர்கள். என் 31 ஆண்டுகளில் இவ்வளவு தெளிவான கோரிக்கையோடு வந்த மனுக்கள் சிலவே. “மனுதாரர் தம் கைப்பட எழுதியது” என்று குறிப்பிட்டு, நோட்டின் அந்தப் பக்கத்தையே நகல் எடுத்து இணைப்பு 1 ஆக்குங்கள். அதற்குக் கீழே தேதி வரிசை தொடங்கட்டும். ‘வண்டி பின்னால் வந்தது’ என்பதற்கு நேராக நாள், நேரம், எந்த வரிசைப் பெட்டிகளுக்கு நடுவே என்பது வர வேண்டும். அதை மட்டும் தம்பியிடம் கேட்டுச் சேருங்கள். ‘நான் பணம் கேட்கவில்லை’ என்பது வேலை செய்த நாள்களின் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததாகப் படிக்கப்படலாம். ஆகையால் நிலுவைச் சம்பளத்துக்கான உரிமை அப்படியே இருக்கிறது என்று கடைசிப் பத்தியில் உங்கள் நடையில் ஒரு வரி எழுதுங்கள்.

நிறுவனத்துக்குப் போகும் கடிதம் முதலில் போகட்டும். விரைவுத் தபால் ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், அன்றே நகல் எடுத்துவிடுங்கள். ஆணையர் அலுவலகத்துக்கு முற்பகலில் போங்கள், தம்பியையும் அழைத்துக்கொண்டு போங்கள். முத்திரை அவருடைய கையில் இருக்கும் பிரதியில் விழட்டும்.

கடலோரத்து அக்கா

நிறுவனத்துக்கான கடிதத்தை இன்று காலை திருவொற்றியூர் தபால் நிலையத்தில் தம்பியே வரிசையில் நின்று அனுப்பிவிட்டு வந்தான், மின்னஞ்சலும் போய்விட்டது. ரசீதை நகல் எடுத்தாயிற்று. அந்தச் சட்டையை அம்மா தைக்க எடுத்தபோது தடுத்து, அறுந்த இரண்டு பொத்தான்களோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டான். அது இணைப்பு 6. பதினைந்தாம் நாள் முடிந்ததும் காமராசர் சாலைக்குப் போகிறோம், ந.க. எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.